ஏழாம் நிலையத்தின் பெயர்

ஆபீசில் எனக்கு இஸ்திரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். பதினோரு வருஷத்தில் அது மெல்ல முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. இப்போது காப்பி கொண்டுவருகிறவர்கூட "இஸ்திரி சாருக்குச் சர்க்கரை கம்மி" என்றுதான் குரல் கொடுக்கிறார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சுருக்கம் கண்டால் எனக்குப் பொறுக்காது, அது சட்டையில் இருந்தாலும் சரி, பெயரில் இருந்தாலும் சரி.

வெள்ள விசாரணைக்கான வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் சம்மதித்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் தட்டச்சர் நல்ல மனிதர்தான். ஆனால் நேற்று அவர் அடித்த இரண்டு பக்கத்தில் பதினான்கு இடத்தில் நான் சொன்னது ஒன்று, அவர் அடித்தது ஒன்று. இந்த மாதிரி விஷயத்தில் அது சரிப்படாது. கீழ்த்தெருவில் இருபத்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி. ஆற்றில் அவ்வளவு தண்ணீர் ஏறியும் ஒரு சைரன்கூட ஏன் ஒலிக்கவில்லை என்று கேட்டீர்கள். நான் ஆற்றுப் பக்கம் போனவனே இல்லை. இருந்தாலும் பதில் என்னிடம்தான் இருக்கிறது. ஆற அமரச் சொன்னால்தான் புரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலை. இன்டர்நெட்டில் நீங்கள் ஒரு முகவரியைத் தட்டுகிறீர்கள். அது எந்த மொழியிலும் இருக்கலாம். சில மொழிகளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகை உண்டு. ஒருவர் இதில் தட்டுவார், ஒருவர் அதில். ஒருவருடைய கீபோர்டு ஓர் எழுத்தை ஒரே துண்டாக அனுப்பும், இன்னொருவருடையது அதையே இரண்டு துண்டாக ஒட்டி அனுப்பும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. போதாக்குறைக்குக் கண்ணுக்கே தெரியாத குறிகள் சில நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படியே விட்டால் ஒரே கடையைத் தேடிக் கிளம்பிய நாலு பேர் நாலு இடத்துக்குப் போய்ச் சேருவார்கள். அதனால் ஒரு பெயரைத் தேட அனுப்புவதற்கு முன், அரிசியைக் களைந்து கல் பொறுக்குகிற மாதிரி, அதைத் தயார் செய்ய வேண்டும். எதை எதுவாக மாற்றுவது, எதை நீக்குவது, எதை உள்ளேயே விடக்கூடாது என்பதற்கு உலகம் முழுக்கப் பின்பற்றுகிற ஒரு தரவிதி இருக்கிறது. அந்த விதிக்கு ஓர் அட்டவணை. லட்சத்துக்கு மேல் வரிகள். அதன் பதிப்பாசிரியன் நான். உங்கள் மேசையில் இருக்கிற போனுக்குள்ளும் அது இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

இந்த அட்டவணையில் பெரிய தலைவலி இலக்கங்கள். பல எழுத்து முறைகளுக்குச் சொந்த இலக்கங்கள் உண்டு. சில பார்வைக்கு அப்படியே நாம் எல்லோரும் எழுதுகிற 1, 2, 3 என்ற பொது இலக்கம் மாதிரி இருக்கும். மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். என் மனைவியே ஒருமுறை கண் ஆஸ்பத்திரியில் நேரம் குறிக்கிறேன் என்று ஒரு போலித் தளத்தில் தன் விவரமெல்லாம் கொடுத்துவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் நாலு மணி நேரம் நின்றுவிட்டு வந்தாள். அந்தத் தளத்தின் பெயரில் ஒரே ஓர் இலக்கம் வேறு எழுத்து முறையைச் சேர்ந்தது. அன்றைக்கு அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். எந்த எழுத்து முறை இலக்கமாக இருந்தாலும், பெயருக்குள் வந்தால் அதைப் பொது இலக்கமாக மாற்றிவிட வேண்டும். ஏழு என்றால் எல்லா ஏழும் ஒரே ஏழு. இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாலு வருஷம் இதற்காக மல்லுக்கட்டினேன். எங்கள் குழுவில் பதினோரு பேர். இரண்டாம் மாடியில் நீள மேசை போட்ட ஓர் அறை, திறக்கவே வராத ஒரு ஜன்னல். தலைவர் ஒரு பெண்மணி. இன்டர்நெட் முகவரிகளைப் பதிவு செய்து தருகிற பெயர்ப் பதிவகம் ஒன்றைப் பல வருஷம் நடத்தியவர். அவரை ஏமாற்றுவது கஷ்டம். கடைசியில் அவரும் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஓடிக்கிட்டிருக்கிற ரெண்டு முகவரி இதனால ஒண்ணா ஆயிடக் கூடாது, இஸ்திரி. ஒரே ஒரு மோதல் வந்தாலும் நான் திருப்பி அனுப்பிடுவேன். அப்புறம் என்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

திருப்பி அனுப்பினால் அடுத்த திருத்தம் ஒன்றரை வருஷம் கழித்து. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து என் நாற்காலியில் உட்காரப் போகிறவர் இந்தத் திட்டத்தைக் குப்பைக் கூடையில் போடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் என் எதிரில் உட்கார்ந்துதான் நாலு வருஷமும் கொட்டாவி விட்டார்.

நான் கண்ணும் கருத்துமாக வேலை செய்தேன். எல்லாப் பதிவகங்களிடமும் பட்டியல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். மோதல் பூஜ்யம். ஆனால் பதிவகத்துக்குத் தெரிவது ஓர் அலுவலகத்தின் முதன்மைப் பெயர் மட்டும். அதற்குக் கீழே அந்த அலுவலகம் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் உட்பெயர்கள் வெளியில் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் முப்பது நாள் பொது அறிவிப்பு. யாருக்காவது இடித்தால் மெயில் அனுப்பலாம். மெயில் வராவிட்டால் எல்லோரும் சம்மதம் என்று பொருள். எங்கள் தொழிலில் மௌனத்தைத்தான் ஓட்டாக எண்ணுவோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். உறுப்பினர் அல்லாதவர் அனுப்புகிற மெயில் நேராகக் குழுவுக்குப் போகாது. காத்திருப்புப் பெட்டி என்று ஒன்றில் விழும். விளம்பரக் குப்பை இல்லை என்று பார்த்து யாராவது திறந்துவிட வேண்டும். அந்த உரிமை தலைவர் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும். திறந்துவிட்ட தேதிதான் மெயிலின் தேதியாக ஆவணத்தில் ஏறும். யார் இப்படி வைத்தார்கள் என்று தெரியவில்லை. நான் சேர்வதற்கு முன்பே அப்படித்தான்.

என் மைத்துனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தின்போது அவனுக்குப் பதிமூன்று வயது. அன்றிலிருந்து நான் ஒன்று சொன்னால் அவனுக்கு அதற்கு அப்பீல் கிடையாது. தண்ணீர் அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஆற்றின் உயரத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதும், கரையோரச் சைரன் பெட்டிகளைப் பராமரிப்பதும் அவன் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அப்படி ஒரு ஞாயிறு, அறிவிப்பு வெளியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது, என் மேசையில் கிடந்த வரைவை எடுத்துப் புரட்டினான். பெருமைக்காக நான்தான் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தேன்.

"மாமா, இது எங்களை இடிக்குதே," என்றான்.

"எங்கே இடிக்குது?"

"எங்க ஆத்துல தண்ணி உயரம் பாக்கிற அளவு நிலையம் ஒன்பது. கால்வாய்லயும் ஒன்பது. ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் பேரு. ஆத்து நிலையத்துக்கு நம்ம பழைய இலக்கம், கால்வாய்க்குப் பொது இலக்கம். எந்தப் புண்ணியவான் வச்சாரோ, இருபது வருஷமா அப்படித்தான் ஓடுது. எல்லா இலக்கமும் ஒண்ணாயிடுச்சுன்னா ஆத்து ஏழைத் தேடினா கால்வாய் ஏழுல போய் நிக்கும்."

"என்னங்க, சாப்பாடு ஆறுது," என்று என் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "வாரத்துக்கு ஒரு நாள் வர்றான், அன்னைக்கும் அவனை உக்கார வச்சு எண்ணு எழுத்துன்னு உயிரை வாங்காதீங்க."

ஏழாம் நிலையத்துக்குக் கீழே கீழ்த்தெரு இருக்கிறது. மற்ற எட்டுக்கும் கீழே வயலும் புதரும்தான். ஏழாம் நிலையத்தில் தண்ணீர் ஐந்து மீட்டரைத் தொட்டால் கீழ்த்தெருவின் நூற்றுப் பதினெட்டுச் சைரன்களும் தாமாகவே ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு சைரன் பெட்டியும் நிலையத்தின் பெயரை இன்டர்நெட்டில் தேடித்தான் அளவைக் கேட்டுக்கொள்ளும். ஒலித்தால் ஜனங்கள் மேட்டுத் தெருவுக்கு நடந்து போவார்கள். கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தாலும் இருபது நிமிடம். கால்வாயின் ஏழாம் நிலையத்திலோ வருஷம் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். பெட்டிகள் ஆற்றுக்குப் பதிலாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்போதும் ஒலிக்காது. இதெல்லாம் எனக்கு அன்றைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பின்னால் யாராவது எனக்காக வாதாடினால் நம்பாதீர்கள். என் புத்திக்கு அது அவமானம்.

"முறைப்படி ஒரு மெயில் அனுப்பிடு மாப்ள," என்றேன். வேறு என்ன சொல்வது.

இருபத்தாறாம் நாள் அனுப்பினான். காத்திருப்புப் பெட்டியில் அவன் பெயரைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தான், இரண்டு இடத்தில் காற்புள்ளி போடாததைத் தவிர. எட்டு வரி. நாலு வருஷ உழைப்பைக் கவிழ்க்க எட்டு வரி. எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. உலகத்தில் இத்தனை கோடிப் பெயர் இருக்கிறது, எவரிடமிருந்தும் ஒரு முணுமுணுப்பு இல்லை, என் வீட்டில் சாப்பிடுகிற பிள்ளை வந்து நடுவில் நிற்கிறானே என்று இருந்தது.

நான் அந்த மெயிலை அழிக்கவில்லை. அழிப்பது குற்றம். திறந்துவிடவில்லை, அவ்வளவுதான். கீபோர்டைத் துடைத்தேன், பென்சில்களைச் சீவினேன், வீட்டுக்குப் போனேன். தலைவர் அம்மா மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். இருபத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, "பெட்டியில ஏதாவது விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

"வழக்கமான குப்பைதான்மா. நீங்க பேத்தியைப் பாருங்க," என்றேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் மெயிலைத் திறந்துவிட்டேன். அவகாசம் முடிந்தபின் வந்தவை என்ற தலைப்பில் போய் உட்கார்ந்தது. அடுத்த திருத்தத்தின்போது பரிசீலிக்கலாம் என்று அதற்கு ஒரு முத்திரை விழும். அந்தத் தலைப்பை யாரும் திறந்து படிப்பதில்லை. நான் ஒருவன்தான் படிப்பேன்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். கை கழுவிவிட்டு உட்காரும்போதே கேட்டான்.

"மெயில் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்."

"என்ன சொல்றாங்க?"

"பேசிக்கிட்டிருக்காங்க."

"நான் வேணும்னா எங்க பக்கத்துல பேரையே மாத்திடட்டுமா? பேரு ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் எழுதியிருக்கு. ஏணி போட்டு ஏறித்தான் மாத்தணும். மழைக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு. தினம் ரெண்டு பெட்டின்னு வச்சாலும் ரெண்டு மாசத்துல முடிச்சிடுவேன்."

உண்மையில் அது நல்ல யோசனை. அவனைச் செய்ய விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், என் விதிக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் பெயர் மாற்ற அவன் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் என்று அவன் என் விதியைத்தான் எழுதுவான். அந்த மேலதிகாரி ஒரு கடிதம் போட்டால் போதும், தலைவர் அம்மா பழைய மெயிலைத் தோண்டி எடுத்து, அது எப்போது வந்தது என்று கேட்டுவிடுவார். விதி இன்னும் குழுவின் கடைசிக் கூட்டத்தைத் தாண்டவில்லை.

"வேண்டாம் மாப்ள," என்றேன். "எதுக்கு வீணா ஏணி ஏறி இறங்கிக்கிட்டு. உங்க நிலையங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு போட்டுடறேன். நான் பாத்துக்கிறேன்."

"நிஜமாவா மாமா?"

"என்னைக்காவது நான் சொல்லி நடக்காம இருந்திருக்கா?"

அவன் சிரித்தான். "சரி சரி. நீங்க இஸ்திரி போட்டுட்டா அப்புறம் அதுல மடிப்பு ஏது," என்றான். என் மனைவியும் சிரித்தாள். அன்றைக்கு மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

விதிவிலக்கு போடுகிறேன் என்று சொன்னது பொய் அல்ல. போட முடியுமா என்று மறுநாள் முழுக்க யோசித்தேன். அட்டவணையில் இலக்கங்களுக்கான வரிகள் அத்தனையும் ஒரே சீராக இருந்தன, ஒன்றுக்குக்கூட அடிக்குறிப்பு இல்லை. அதில் போய் ஓர் ஊர் அலுவலகத்துக்காக ஒட்டுப் போட எனக்கு மனம் வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன்.

விதி ஏகமனதாக நிறைவேறியது. கை தட்டினார்கள். தலைவர் அம்மா பேத்தியின் படத்தைக் காட்டினார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று மாதம் கழித்து விதி நடைமுறைக்கு வந்தது. போன்கள், கம்ப்யூட்டர்கள், சைரன் பெட்டிகள் எல்லாம் புது அட்டவணையைத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொண்டன. கோடைக்காலம். ஆறு வறண்டு கிடந்தது, கால்வாயில் வழக்கம்போல் கணுக்கால் தண்ணீர். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் மைத்துனனும் திரையைப் பார்த்துவிட்டு, மாமா விதிவிலக்கு போட்டுவிட்டார் என்று நிம்மதியாக இருந்தான்.

எனக்கு நிம்மதி இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் முகவரி உண்டு; பெயரே இல்லாமல் அதை நேராகத் தட்டினால் ஆற்றின் ஏழாம் நிலையம் உள்ளபடி திறக்கும். அந்த எண் எனக்கு மனப்பாடம். தினமும் காலையில் ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்து பார்ப்பேன். பூஜ்யம் பாயிண்ட் ஒன்று, பூஜ்யம் பாயிண்ட் மூன்று. பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழை. பதினொரு மணிக்குப் பார்த்தபோது மூன்று மீட்டர் இருபது. நான் மூடவில்லை, ஓரமாகத் திறந்தே வைத்தேன். பன்னிரண்டரைக்கு என் மனைவி போன் செய்தாள்.

"இப்படிக் கொட்டுதே, தம்பிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன். எனக்கு என்னமோ மனசே சரியில்லை."

"அவனுக்குத் தலைக்கு மேல வேலை இருக்கும். இந்த நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாது," என்றேன்.

"நான் பேசட்டுமா?"

"நீயும் பேசாதே."

அவள் பேசவில்லை. ஒன்று பத்துக்கு ஐந்து மீட்டரைத் தாண்டியது. கீழ்த்தெருவில் நூற்றுப் பதினெட்டுப் பெட்டிகளும் கால்வாயைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தன. ஒன்றே முக்காலுக்கு அவன் என்னைக் கூப்பிட்டான். என்ன பேசினோம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இரண்டு முப்பத்தைந்துக்குத் தண்ணீர் கீழ்த்தெருவுக்குள் வந்தது. எவ்வளவு வேகமாக வந்தது என்பது உங்கள் புகைப்படங்களில் இருக்கிறது. நான் அவற்றை முழுக்கப் பார்க்கவில்லை.

அவனை மறுநாள் ஒரு மதிலை ஒட்டிக் கண்டெடுத்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டியவன் கரைக்கு ஏன் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. பணியிடத்தை விட்டு வெளியேறினார் என்று உங்கள் அறிக்கையின் வரைவில் இருக்கிறது. அது எப்படியோ வெளியில் கசிந்து, கீழ்த்தெருவில் மிஞ்சியவர்கள் அவன் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவன் மனைவியை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன். இப்போது இரண்டு பெண்களும் முன்னறையில் ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள். தூக்க மாத்திரையை என் கையால் எண்ணிக் கொடுத்தால்தான் இருவரும் போட்டுக்கொள்கிறார்கள்.

அவன் என்னோடு பேசினான் என்று என் மனைவிக்குத் தெரியும், அவனுடைய போனில் கடைசியாக என் எண் இருந்தது. "கடைசியா என்ன சொன்னான்?" என்று கேட்டாள். "அக்காவைப் பத்திரமாப் பாத்துக்கங்க மாமான்னு சொன்னான்," என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லும்போது, அவன் குரல் எப்படித் தழுதழுத்தது என்றுகூடச் சேர்த்துச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

இத்தனை நாள் மூச்சுவிடாதவன் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் யோசிப்பீர்கள். காத்திருப்புப் பெட்டியில் மெயில் விழுந்த நாளைக் காட்டுகிற பதிவேட்டை எடுத்துவிட்டீர்கள் என்பதற்காக இல்லை. நீங்கள் கூப்பிட்ட நிபுணர், நேற்று என் காதுபடவே, விபத்துக்குக் காரணம் அட்டவணையில் உள்ள பிழை என்றார். அவர் அந்த அட்டவணையைப் படித்ததே இல்லை என்று பேச்சிலேயே தெரிந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. அட்டவணையில் பிழை இல்லை. ஒரு வரியில்கூட இல்லை. நடந்ததற்கு மனிதர்கள்தான் காரணம். அந்த வரிசையில் முதல் ஆள் நான் என்றால், சரி, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அட்டவணையை விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் போன். இரண்டு நிமிடம் பத்து வினாடி என்று உங்கள் தாளில் இருக்கிறது.

"மாமா, இங்க திரையில ஏழாம் நிலையம் பூஜ்யம் பாயிண்ட் ரெண்டுன்னு காட்டுது," என்றான். "ஆனா ஜன்னலைத் திறந்தா ஆத்தோட சத்தமே வேற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

"மழைச் சத்தம் மாப்ள."

"கையாலயே சைரனைப் போட்டுடவா? போன வருஷம் அப்படித்தான் போட்டேன், ஒண்ணுமே இல்லை. ஓடினதுல ஒரு பெரியவர் படியில விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டாரு. அதுக்கே மெமோ வாங்கினேன். இந்தத் தடவையும் சும்மா கிளப்பி விட்டேன்னா வேலையே போயிடும். அதான் உங்களைக் கேக்கிறேன். அந்த விதிவிலக்கு போட்டுட்டீங்கல்ல? இந்தத் திரையை நம்பலாமா?"

என் திரையில் எண் முகவரி திறந்திருந்தது. ஐந்து மீட்டர் தொண்ணூறு. அவன் கேட்டு முடிப்பதற்குள் ஆறு ஆனது.

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது, யோசிக்கவும் செய்தேன். அவன் கையால் சைரனைப் போட்டால் கீழ்த்தெரு முழுக்க மேட்டுக்கு ஏறிவிடும். ஒருவரும் சாக மாட்டார்கள். மறுநாள் காலை, ஆற்றில் ஆறு மீட்டர் தண்ணீர் ஓடும்போது திரை ஏன் பூஜ்யம் காட்டியது என்று விசாரணை வைப்பார்கள். அந்த விசாரணை நேராக என் மேசைக்கு வந்து நிற்கும். ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம்.

"நம்பலாம் மாப்ள," என்றேன்.

"அப்பாடா," என்றான். "உங்ககிட்ட கேட்டதும்தான் உயிரே வந்தது. சரி மாமா, நான் ஒரு எட்டு கரை வரைக்கும் போய் என் கண்ணால பாத்துட்டு வந்துடறேன். அக்கா போன் பண்ணினா சாப்பிட்டுட்டேன்னு சொல்லிடுங்க, இல்லேன்னா கத்துவாங்க."

போகாதே என்று வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். "சரி," என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன்பின் ஐம்பது நிமிடம் அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இதுதான் நடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடைசிப் பக்கத்தை என் மனைவியிடம் காட்டிவிடாதீர்கள். தம்பி கடைசியாகத் தன்னைப் பற்றித்தான் பேசினான் என்கிற ஒரே நினைப்பில்தான் அவள் எழுந்து நடமாடுகிறாள். அவன் அக்கா என்று சொன்னது நிஜம்தானே, நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான் நான் இத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்தேன்.